களவு போன அம்மா

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தின் மேற்பிரிவில் அந்த மேட்டில் ஏறி நின்றால்தான் ஃபோனுக்கு உயிர் வரும். கொழும்பில் புருஷனை விட்டவர்களும் அரபு நாட்டில் பெண்டாட்டியை விட்டவர்களும் நின்று பேசி, அழுது, புல்கூட முளைக்காமல் போன மேடு அது.

அன்று காலை சந்திரகாந்தி அங்கே நின்றது யாரோடும் பேசுவதற்கு அல்ல. தன்னுடைய இணையத்தளத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய் எப்படித் தேடுவாளோ, அப்படி.

நமுனுகுல மலையில் ஏற வேண்டும் என்று உலகத்தின் எந்த மூலையில் ஒருவர் தட்டினாலும், தேடுபொறி முதலில் காட்டுவது சந்திரகாந்தியின் பக்கத்தைத்தான். இரண்டு வருடமாக அப்படித்தான் இருந்தது. இப்போது முதல் பக்கத்தில் அவள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். கடைசியில் ஒரு செருப்புக் கடைக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் நடுவில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில், அவளுடைய பக்கம் ஒடுங்கிக் கிடந்தது.

"பாவி மக்கா," என்றாள் வாய்விட்டு. யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதே நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதுளை ஏஜன்சிக்காரர்.

"தங்கச்சி, குவைத் வீடு ரெடி. பழைய மேடம் உங்களத்தான் கேக்குறாங்க. அடுத்த மாசம் முடியுறதுக்குள்ள பாஸ்போட்ட கொண்டாந்து தந்துருங்க. இல்லாட்டி அந்த எடத்துக்கு வேற ஆள் போயிரும்."

சந்திரகாந்தி ஃபோனைக் காதில் பிடித்தபடியே கீழே பார்த்தாள். அங்கே லயத்து வரிசை வீட்டு வாசலில் மகள் யசோதினி தலையைச் சாய்த்து ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். வலது பின்னலை அவளே போட்டுக்கொள்வாள். இடது பின்னல் அம்மா வந்து போட வேண்டும்.

*

சந்திரகாந்தி பிறந்தது மீரியபெத்தவில். மலை இடிந்து லயங்களை விழுங்கிய அந்தக் காலையில் அவள் குவைத்தில் ஒரு பெரிய வீட்டின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு சேற்று மலையைக் காட்டினார்கள். கீழே ஓடிய அரபு எழுத்தை அவளால் வாசிக்க முடியவில்லை. வாசிக்கவும் தேவைப்படவில்லை. பெற்றவளின் முகத்தைப் போல அவளுக்குத் தெரிந்த மலை அது. கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. மேடம் ஓடி வந்து, தட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தாள்.

அம்மா லெட்சுமியின் உடல் கிடைக்கவில்லை. மண்ணே அவளுக்குச் சவப்பெட்டி ஆயிற்று.

ஊர் திரும்பியவளை உறவுக்காரர்கள் ஸ்பிரிங்வெளியில் விஜேந்திரனுக்குக் கட்டி வைத்தார்கள். நல்லவன். ஆட்டோ ஓட்டுகிறவன். கோபம் வந்தால் பேசாமல் வண்டியைத் துடைப்பான், அவ்வளவுதான். யசோதினிக்கு மூன்று வயதானபோது வறுமை மறுபடியும் சந்திரகாந்தியை விமானத்தில் ஏற்றியது. சில வருடம் கழித்துக் கட்டுநாயக்காவில் வந்து இறங்கியபோது, பொம்மையும் சொக்லேட்டுமாக ஓடி வந்த அவளைக் கண்டு பிள்ளை அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அப்பா, இந்த ஆன்ட்டி யாரு?"

அந்த ஒரு கேள்வி! விமான நிலையத்துச் சனம் எல்லாம் பார்க்க, சந்திரகாந்தி அந்த இடத்திலேயே உட்கார்ந்து பிள்ளையின் தலையில் கை வைத்தாள். "இனிமே அம்மா எங்கயும் போகமாட்டேன்டி தங்கம்," என்று சத்தியம் செய்தாள்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது இந்த இணையத்தளம்தான்.

தொடக்கம் தற்செயல்தான். விறகுக்குப் போன ஒருநாள், மலைப் பாதையில் வழி தவறி அழுதுகொண்டிருந்த வெள்ளைக்கார ஜோடி ஒன்றைக் கீழே கூட்டிக்கொண்டு வந்தாள். குவைத்தில் மேடத்தின் பிள்ளைகளோடு பேசிப் பழகிய ஆங்கிலம் கைகொடுத்தது. இதையே தொழிலாகச் செய், ஒரு இணையத்தளம் வை என்று அவர்கள் சொல்லித்தான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஹிஷாமிடம் போனாள். கடையில் எந்நேரமும் உடைந்த திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மனுஷன். இணையத்தளமும் செய்து கொடுப்பார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் அவரை அவள் நானா என்பாள்.

"நான் பெட்டிய செஞ்சு தாறேன் தங்கச்சி. உள்ளுக்கு என்ன வைக்கிறதுன்னு நீங்கதான் எழுதணும். எனக்கு மலையப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் மூச்சு வாங்கும்கிறது மட்டும்தான்."

அவள் எழுதினாள். மடுவத்து மேட்டில் நின்றபடி, தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், விரல் நோக நோக. பாதையைப் பற்றி, அட்டைக்கடியைப் பற்றி, பனி எந்தப் பக்கமிருந்து ஏறும் என்பதைப் பற்றி. எல்லாவற்றுக்கும் முன்னால் தன் அம்மாவைப் பற்றி.

"என் அம்மா கூடையைத் தலையில் மாட்டுவதற்கு முன்னால் மலையைப் பார்த்துக் கும்பிடுவாள். இன்றைக்கும் எங்களை இருக்க விடு என்று கேட்பாள். ஒருநாள் அவளுடைய மலை கேட்கவில்லை. ஆனாலும் நான் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். நீங்களும் என்னோடு வந்து கும்பிடுங்கள்."

அதை வாசித்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். விஜேந்திரன் பதுளை ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றி வருவான். பாதை தொடங்கும் இடத்தில், யாரும் சொல்லாமலே, பொன் முடிக்காரர்கள் கைகளைக் கூப்பி நிற்பார்கள். சந்திரகாந்தியும் அவர்களோடு கும்பிட்டுவிட்டுத்தான் முதல் அடி வைப்பாள்.

*

"இத பாருங்க," என்றார் ஹிஷாம், கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி. "உங்க பக்கத்துக்கு வழி காட்டுற வேற தளங்களோட பேர் இதுல வரும். போன மாசம் வரைக்கும் கொஞ்சப் பேர். உங்ககிட்ட வந்து போனவங்க எழுதினது. இப்ப எத்தனைன்னு பாருங்க."

திரை ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சூதாட்டத் தளங்கள், கள்ள மருந்து விற்கிறவர்கள், வாய்விட்டுச் சொல்லக் கூசும் பெயர்கள்.

"இவங்கல்லாம் யாரு நானா? எனக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. அதுதான் வேலையே. ஒரு நல்ல கடைக்கு முன்னால தெனமும் குடிகாரன், ரவுடியெல்லாம் கூட்டிட்டு வந்து நிறுத்தி, கடைக்காரரோட கூட்டாளிங்கன்னு சத்தம் போட வச்சா, ஊரு என்ன நெனைக்கும்? அதேதான். யாரோ காசு குடுத்துச் செய்ய வச்சிருக்காங்க."

"யாரு?"

"பொறுங்க. இது மட்டும்னா தேடுபொறிக்காரங்க கண்டுக்காம விட்டிருவாங்கன்னு சொல்றாங்க. வேற ஏதோ இருக்கு." அவர் அவளுடைய பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, அந்த வரி வேறெங்காவது இருக்கிறதா என்று தேடச் சொன்னார்.

அவர் எடுத்தது அம்மாவின் வரி.

முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்தது.

சந்திரகாந்தி ஒவ்வொன்றாகத் திறந்தாள். எங்கேயோ இருக்கும் யாருமில்லாத தளங்களில் அவளுடைய அம்மா கூடையைத் தலையில் மாட்டினாள், மலையைக் கும்பிட்டாள், இருக்க விடு என்று கேட்டாள். எல்லாவற்றிலும் அவள் எழுதிய நாளுக்கு முந்திய தேதி போடப்பட்டிருந்தது. கடைசியாகத் திறந்தது பண்டாரவளையில் இருக்கும் செவ்வானம் டூர்ஸ் என்ற கம்பனியின் பக்கம். "எங்கள் அம்மா கூடையைத் தலையில் மாட்டுவதற்கு முன்னால்" என்று தொடங்கியது. பக்கத்தில் பொட்டு வைத்து, புதுக் கூடையோடு, பற்கள் தெரியச் சிரிக்கும் யாரோ ஒரு பெண்ணின் படம்.

திரையில் அந்தச் சிரிப்பை அவள் விரலால் மறைத்துக்கொண்டாள்.

"நானா... அது எங்கம்மா..."

"தெரியும் தங்கச்சி."

"மண்ணு கொண்டு போன மிச்சம் அந்த ஒரு வரிதானே நானா. அதையும் எடுத்துட்டாங்களே!"

ஹிஷாம் எழுந்து கடைக் கதவைப் பாதி இழுத்து மூடினார். வாடிக்கையாளர்கள் முன்னால் அவள் அழ வேண்டாம் என்று. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நடந்தது என்னவென்று பிறகு விளக்கினார். ஒரே எழுத்து பல இடத்தில் இருந்தால், எது அசல் என்று தேடுபொறி தானாக முடிவு செய்யும். முந்திய தேதியும் பெரிய கம்பனியின் பெயரும் செவ்வானத்துக்குக் கைகொடுத்தன. சந்திரகாந்திதான் களவெடுத்தவள் என்று ஆகிவிட்டது. சொந்த அம்மாவைக் களவெடுத்தவள்!

அன்றே தேடுபொறிக்காரர்களுக்கு முறைப்பாடு எழுதினார்கள். கள்ளக் கூட்டாளிகளின் பெயர்களை எல்லாம் எடுத்து, இவர்களுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று அனுப்பினார்கள். பதில் வர வாரங்கள் ஆயின. வந்த பதிலோ, அசல் யாருடையது என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை என்றது.

"அம்மா யாருடையதுன்னு உறுதி செய்ய முடியலையாம்," என்று சந்திரகாந்தி விஜேந்திரனிடம் சொன்னாள். அவன் எழுந்து போய் ஆட்டோவைத் துடைக்கத் தொடங்கினான். சுத்தமாக இருந்த ஆட்டோவை.

*

செவ்வானம் டூர்ஸின் முதலாளி ஜெயராசா. பண்டாரவளையில் பரம்பரைக் கடைக்காரர் குடும்பம். குரலில் எப்போதும் சந்தனம் மணக்கும். சந்திரகாந்தி பொறுக்க முடியாமல் ஒருநாள் அழைத்தே விட்டாள்.

"அடடே, ஸ்பிரிங்வெளி தங்கச்சியா? சொல்லுங்கம்மா."

"எங்கம்மாவப் பத்தி நான் எழுதினத உங்க பக்கத்துல போட்டிருக்கீங்க ஐயா."

"எழுத்தெல்லாம் நம்ம பொடியன்மார் பாக்குறது. எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. எல்லா அம்மாவும் ஒரே மாதிரித்தானே, கும்பிடத்தானே செய்வாங்க?"

"எங்கம்மா செத்துப்போனவங்க ஐயா."

"பாவம். ஆண்டவன் பாத்துக்குவான்." குரலை இன்னும் இனிப்பாக்கினார். "இந்த இணையத்தளம், அது இதுன்னு உங்களுக்கு எதுக்கும்மா தலையிடி? நம்மகிட்ட வந்துருங்க. நாள் கணக்குல மலைக்கு ஆள் கூட்டிப் போங்க. யூனிபோர்ம் எல்லாம் தருவோம். உங்க பக்கத்த மூடிட்டு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

சந்திரகாந்தி ஃபோனை வைத்துவிட்டாள். இவர்தான் செய்தார் என்பதற்கு நிரூபணம் இல்லை. இவர் செய்யவில்லை என்று நம்பவோ மனசு இல்லை.

அடுத்த அடி அந்த வாரமே விழுந்தது. அவளுடைய பெயருக்குக் கீழே விருந்தாளிகள் நட்சத்திரம் கொடுத்து எழுதும் இடத்தில், மலைப் பக்கமே வராத ஒருவர் எழுதியிருந்தார்: "இங்கே மண்சரிவு. பாதை மூடியாகிவிட்டது. இந்தப் பெண் பணத்துக்காக மறைக்கிறாள். உயிர் முக்கியம் என்றால் போகாதீர்கள்."

மண்சரிவை மறைக்கிறவளாம். அவள்! மழை கொஞ்சம் பலத்தால்கூடத் தூங்காமல் மகளை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவள்! கொஞ்சம் ஈரம் கண்டாலும் வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பி, காசையும் திருப்பிக் கொடுக்கிறவள்!

அன்று அவள் சோறு சமைக்கவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து பெரியாயி எட்டிப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிய கொழுந்துக்காரி. கங்காணியையே ஒரு பார்வையில் ஒதுக்கி நிறுத்தும் வாய்.

"என்னாடி காந்தி, அடுப்புல பூன தூங்குது?"

சந்திரகாந்தி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெரியாயிக்கு இணையம் புரியவில்லை. அவமானம் புரிந்தது.

"அப்ப ஊருக்குள்ள ஒருத்தன் ஒன்னயப் பத்திக் கெட்டதா எழுதிட்டான். நாங்கல்லாம் நல்லதா எழுதினா சரியாப் போயிரும்ல?"

"அது அப்படியில்ல அத்த..."

"நீ சும்மா கெட. லயத்துல ஒருத்திக்கு ஒண்ணுன்னா நாங்க கையக் கட்டிக்கிட்டு நிப்பமா?"

சந்திரகாந்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் பிசகியது.

*

மறுநாள் காலைப் பெரட்டில், கங்காணி ஆட்களைப் பிரித்து எந்த மலைக்கு யார் கொழுந்துக்குப் போவது என்று சொல்லி முடித்ததும், பெரியாயி முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாரும் நில்லுங்கடி! நம்ம காந்திய ஒருத்தன் பொய்க்காரின்னு எழுதிட்டான். ஃபோன் வச்சிருக்கிறவ எல்லாம் எடுங்க. இல்லாதவ மகன்கிட்ட வாங்கு. அந்த மேட்டுல ஏறி, காந்தி நல்லவன்னு எழுதிட்டுத்தான் மலைக்குப் போகணும்!"

கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் எழுதினார். தோட்டத்தில் ஒருவருக்குத் துன்பம் என்றால் பெரட்டில் சொன்னால் போதும். பிள்ளை பிறந்தாலும் பெட்டி தூக்கினாலும் அங்கேதான் கை சேரும். அந்தப் பழக்கத்தில் மொத்தப் பிரிவும் மேட்டில் ஏறி நின்றது. ஒருத்தி எழுதியதை மற்றவர்கள் வட்ஸ்அப்பில் வாங்கி அப்படியே ஒட்டினார்கள். "காந்தி நல்ல பிள்ளை. மலையும் நல்ல மலை. சாமி சத்தியம்." பெரியாயி மட்டும் தன் கையாலேயே நட்சத்திரம் போட்டாள். முதல் நட்சத்திரத்தை மட்டும் அழுத்தினாள். ஒன்றாம் நம்பர் என்றால் அதுதானே மேல் என்று அவளுக்குப் பட்டது.

அன்று மாலை சந்திரகாந்தி மேட்டுக்கு வந்து பார்த்தபோது, ஒன்றுமே இல்லை.

தோட்டத்தார் எழுதியது மட்டும் அல்ல. இரண்டு வருடமாக வந்து போனவர்கள் மனசாரப் போட்ட நட்சத்திரங்கள், மலையுச்சியில் எடுத்த படங்கள், "சந்திராவின் அம்மாவுக்காக நாங்களும் கும்பிட்டோம்" என்று வயதான ஜெர்மன் டீச்சர் ஒருவர் எழுதியது, எல்லாமே துடைத்து எடுக்கப்பட்டிருந்தன. ஒரே இடம், ஒரே வேளை, ஒரே வாசகம். பொய்யாக எழுத வைத்திருக்கிறாள் என்று இயந்திரம் முடிவு செய்துவிட்டது. அந்த மண்சரிவுப் பொய் மட்டும், யாரும் கை வைக்காமல், தனியாகக் கொலுவிருந்தது.

எதிரி வாரக்கணக்காகச் செய்ய முடியாததை, அவளை நேசித்தவர்கள் ஒரு காலையில் செய்து முடித்திருந்தார்கள்.

பெரியாயி கூடையோடு வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "என்னாடி, பாத்தியா?"

"யாரு கேட்டா ஒங்கள?" சந்திரகாந்தியின் குரல் அவளுக்கே வேற்றுக் குரலாய் இருந்தது. "தெரியாத வேலைல ஏன் கை வைக்கிறீங்க? எல்லாம் போச்சு! மிச்சம் இருந்ததும் போச்சு! இனி நான் குவைத்துக்குப் போறேன். சந்தோஷமா இருங்க!"

பெரியாயியின் சிரிப்பு அணைந்தது. அவள் தலை குனிந்து நடந்ததை அந்த லயம் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று சந்திரகாந்தி பெட்டியிலிருந்து பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தாள். யசோதினி அதைப் பார்த்தாள். மறுநாள் காலையில் அம்மா சீப்பை எடுத்து வந்தபோது, பிள்ளை இரண்டு பின்னலையும் தானே போட்டு முடித்திருந்தது. இடது பின்னல் கோணலாய் இருந்தது.

"பழகிக்கிறேம்மா," என்றாள்.

ஐயோ, அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டல்லவா சொன்னது!

*

இரண்டு மூன்று நாள் பெரியாயி முகம் கொடுக்கவில்லை. சந்திரகாந்திக்குத்தான் பொறுக்கவில்லை. பெரியாயி கொழுந்தெடுக்கும் மேல் மலைக்கே ஏறிப் போனாள். நமுனுகுலப் பாதை அந்த மலையின் ஓரமாகத்தான் போகிறது. காட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு தட்டைப் பாறை. பெரியாயி அதன்மேல் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தாள்.

"அத்த, மன்னிச்சிருங்க."

"தள்ளி நில்லு. தெரியாத வேலைல கை வைக்கிறவகிட்ட ஒனக்கென்ன பேச்சு?" என்றாள் பெரியாயி. ஆனாலும் நகர்ந்து பாறையில் இடம் விட்டாள். ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். "நாப்பது வருஷமா இந்தக் கல்லுலதான் குந்துறேன். இது மேல ஏறி நின்னா ரெண்டு பக்கமும் தெரியும். மழ வருதா, மண்ணு அசையுதா, எல்லாம் தெரியும். அந்த எழுதினவன இங்க வந்து ஒரு நாள் குந்தச் சொல்லு."

சந்திரகாந்தி மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக ஃபோனை எடுத்து, கூடையும் கழுத்தில் தோட்டத்துப் பெயர் அட்டையுமாக உட்கார்ந்திருந்த பெரியாயியைப் படம் பிடித்தாள்.

அன்றே புதிதாய் ஒரு பக்கம் எழுதினாள். "இன்றைய மலை" என்று தலைப்பு, மேலே பெரியாயியின் படம். "இன்று பாதை காய்ந்திருக்கிறது. பெரியாயி பாறையிலிருந்து பார்த்தேன். மேலே பனி இல்லை. அட்டை இருக்கிறது, உப்பு கொண்டுவாருங்கள்." அந்தப் பாறைக்கு அதுவரை பெயரே கிடையாது. ஒரு சமாதானத்துக்காக அவள் வைத்த பெயர் அது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் எழுதினாள். பெரட்டு கலைந்ததும் மேல் மலைக்குப் போகும் பெண்கள் பாறையில் நின்று மலையைப் பார்த்துச் சொல்வார்கள், அவள் அதை எழுதுவாள். யார் வாசித்தார்கள் என்று தெரியாது. ஆட்களும் வரவில்லை. ஏஜன்சிக்காரர் சொன்ன மாதக் கடைசியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

*

ஏஜன்சிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்திய நாள். சந்திரகாந்தி பாறைக்குப் பக்கத்தில் நின்று ஈரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பேச்சுக் குரல். சிவப்பு யூனிபோர்ம் போட்ட ஒருவன், பின்னால் வேர்த்து விறுவிறுக்க வெள்ளைக்காரத் தம்பதி. யூனிபோர்மில் "செவ்வானம்" என்று இருந்தது.

வழிகாட்டி தயங்கித் தயங்கிக் கொழுந்துக்காரப் பெண்களிடம் வந்தான்.

"அம்மா, பெரியாயி பாறைன்னு ஒண்ணு இருக்காம். எங்க இருக்கு?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியாயி நிதானமாகக் கூடையை இறக்கி வைத்தாள்.

"யாரு தம்பி நீ?"

"ஸப்ரான். பண்டாரவளையிலருந்து வாறேன்."

"அந்தப் பாறைய ஒனக்கு யாரு சொன்னா ராசா?"

"எங்க கம்பனிப் பக்கத்துல போட்டிருக்கும்மா. பழங்காலத்துல பெரியாயின்னு ஒரு தேவத அதுல இருந்து மலையக் காவல் காத்தாங்களாம். இவங்க அத வாசிச்சுட்டு, கட்டாயம் பாக்கணும்னு நிக்கிறாங்க."

மலையே குலுங்குவது போலப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள்.

"தேவததான்டா நான்!" என்றாள் பெரியாயி, இடுப்பில் கை வைத்து. "நல்லாப் பாத்துக்க. தேவதைக்கு முழங்கால் வலி. வெத்தல இருந்தா படைச்சிட்டுப் போ."

சந்திரகாந்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெயர் உலகத்தில் இல்லாத பெயர். அவள் எழுதியதற்கு முன்னால் ஒருவரும் சொல்லாத பெயர். அது செவ்வானத்தின் பக்கத்தில் இருக்கிறது என்றால்...

"தம்பி, அந்தப் பக்கத்தக் காட்டுங்க."

ஸப்ரான் ஃபோனில் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினான். அவள் எடுத்த படம் அப்படியே இருந்தது. பெரியாயியின் கிழிந்த கையுறை, பாறையில் வைத்த பாதி ரொட்டி. கீழே பழைய தேதி ஒன்று போடப்பட்டிருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தியது.

"படத்துல இவங்க கழுத்துல தொங்குற பேர் அட்டையப் பாருங்க," என்றாள். "தோட்டத்துல இந்த வருஷம் குடுத்த அட்டை. மேல வருஷம் அடிச்சிருக்கு."

ஸப்ரான் பார்த்தான். பெரியாயியைப் பார்த்தான். பக்கத்தை மேலே தள்ளி, "எங்கள் அம்மா கூடையைத் தலையில்" என்ற வரி வந்ததும் நிறுத்தினான்.

"இதுவும் உங்களோடதா அக்கா?"

"எங்கம்மா, தம்பி. மீரியபெத்தவுல போனவங்க."

அவன் சிவப்புத் தொப்பியைக் கழற்றினான். "நான் தெனமும் இத ஆக்களுக்குச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன் அக்கா," என்றான் மெதுவாக. "எங்கம்மான்னு."

வெள்ளைக்காரப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. ஆனாலும் மலையைப் பார்த்துக் கை கூப்பினாள். அந்தப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

*

மறுநாள் ஹிஷாம் கடையில் ஒரு திரையும் திருத்தவில்லை. அவளுடைய பக்கத்தையும் செவ்வானத்தின் பக்கத்தையும் அருகருகே வைத்தார். அட்டையில் இருந்த வருடத்தைப் பெரிதாக்கினார். அவளுடைய ஃபோனில் இருந்த அசல் படத்தையும், அது எடுக்கப்பட்ட நேரத்தையும் சேர்த்தார். முறைப்பாட்டை மறுபடி எழுதி, அனுப்பும் முன் எழுந்து நின்று சட்டையைச் சரி செய்துகொண்டார்.

"பிஸ்மில்லாஹ்," என்று சொல்லி அழுத்தினார்.

"கெடைக்குமா நானா?"

"இந்த முற தேதி பொய்யின்னு காட்டியிருக்கோம். ஆனா எப்ப, எப்படின்னு சொல்ல என்னால ஏலாது தங்கச்சி. அவன் நாளைக்கே வேற ரவுடிக் கூட்டத்த அனுப்புவான். மாசா மாசம் நாம கூட்டித் தள்ளிக்கிட்டே இருக்கணும். இது முடியுற வேல இல்ல."

சந்திரகாந்தியின் பையில் பாஸ்போட் இருந்தது. ஏஜன்சி நாலு கடை தள்ளித்தான். அங்கே போனாள். வாசலில் நின்றாள்.

"வாங்க தங்கச்சி, கொண்டாந்தீங்களா?"

"இல்ல. வேற ஆள அனுப்பிக்கங்க. மேடத்துக்கு நான் சலாம் சொன்னேன்னு சொல்லுங்க."

வெல்வோமா என்று தெரியாமலே சொன்னாள். தன் அம்மாவை முப்பது இடத்தில் விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போக அவளால் முடியவில்லை. கோணல் பின்னலோடு மகளை விட்டுப் போகவும்தான்.

*

பல வாரங்கள் கழித்து ஒரு காலையில் மடுவத்து மேட்டில் நின்று மறுபடி தேடினாள். முதல் பக்கத்தின் அடியில் அவள் இருந்தாள். பழைய இடம் இல்லை. அந்த மண்சரிவுப் பொய் இன்னும் இருந்தது. போன நட்சத்திரங்கள் திரும்பி வரவில்லை. ஜெயராசாவிடமிருந்து ஒரு மன்னிப்பும் வரவில்லை. அவருக்கு என்ன, வேறு அம்மாவைப் பிடித்துக்கொள்வார். கன்னம் எரிகிற மாதிரிக் கோபம் அவளுக்குள் அப்படியே இருந்தது.

ஆனால் "இன்றைய மலை"யை வாசித்துவிட்டு இரண்டு பேர் சனிக்கிழமை வருவதாக எழுதியிருந்தார்கள். பெரியாயி பாறையில் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள்.

கீழேயிருந்து யசோதினி கத்தினாள். "அம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சு! இந்தப் பக்கம் பின்னிவிட வாங்க!"

"வாறேன்டி!"

இறங்கும் முன் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அம்மாவின் வரியைத் தட்டித் தேடினாள். கண்ணை மூடி, பிறகு திறந்தாள்.

இரண்டு இடங்கள்.

முதலாவது அவளுடைய பக்கம். செவ்வானத்தில் அந்த வரி இல்லை. மற்றவையெல்லாம் போய்விட்டன. எங்கேயோ ஒரு பாழடைந்த தளத்தில் மட்டும், ஆளில்லாத வீட்டில் மாட்டி வைத்த படம் போல, லெட்சுமி இன்னும் கூடையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

சந்திரகாந்தி ஹிஷாமுக்கு அழைப்பு எடுத்தாள்.

"நானா, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள். பேசிக்கொண்டே, மகளின் இடது பின்னலைப் போடக் கீழே இறங்கினாள். மூன்றாவது அடியிலேயே சிக்னல் அறுந்துவிட்டது. திட்டிக்கொண்டே மறுபடி மேலே ஏறினாள்.